கை தளர்ந்தால் திறக்கும் கதவு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு பித்தளைத் தகட்டைத் தொட வேண்டும். வாசல் நிலையில் தோள் உயரத்துக்கு அப்பா அதை அறைந்து வைத்திருந்தார். தகட்டிலிருந்து ஒரு செம்புக் கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும். பட்டாசு செய்யும் வெடி ஆபீசில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் இப்படி ஒரு தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பிலும் துணியிலும் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் மருந்து ஏது? அரிசி, பருப்பு, அம்மா திருத்த வேண்டிய பரீட்சைப் பேப்பர், நான். இருந்தாலும் பால்காரர் தொட்டார், பாஸ்டர் தொட்டார், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் தொட்டார். இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகும் வழியில் தண்ணீர் கேட்டு வந்த பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அப்பா அதைத் திருத்தவில்லை. அவருக்குத் தொட்டால் போதும்.

சிவகாசியில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்போம். அப்பா எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் ஆபீசில் போர்மேன். நான் பிறப்பதற்கு முன்பு அங்கே ஓர் அறை எரிந்தது. சாயங்காலம் பஸ் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. பெண்கள் சிலர் கை, கழுத்தெல்லாம் வெள்ளியாக ஒட்டியிருந்த அலுமினியப் பவுடரைத் துடைத்துவிட்டு வேறு சேலை கட்டிக்கொள்ள ஓர் அறைக்குள் போயிருக்கிறார்கள். ஆம்பளைகள் வந்துவிடக் கூடாதே என்று கதவுகளைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அந்த அறையில் மிச்ச மருந்து இருந்தது. பொறி எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா வெளியே நின்று கதவைத் தள்ளியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களும் தாழ்ப்பாளைத் தேடாமல் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். இதை அவர் எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்.

"மானம் பெருசா, உசுரு பெருசா?"

பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அப்புறம்தான் அவர் எங்கள் வீட்டைக் கட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்பா கண்ணுக்குச் சாத்தியதெல்லாம் பேய். எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். குளியலறை தவிர ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே இரண்டு கதவு. ஒன்றிலும் தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவுக்கு மட்டும் ஒரு மரக்கட்டை, சின்னப் பிள்ளை முட்டினாலும் விலகிவிடும். அடுப்படியில் அடுப்பு சுவரோரம் இல்லை, நடுவில் இருந்தது. சமைக்கிறவள் எப்போதும் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு வாளித் தண்ணீர், பக்கத்தில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் வாளி கவிழ்ந்து தீ அணைந்துவிடும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று விருந்துக்கு வந்த ஒருத்தி, விளக்குக் கயிறு என்று நினைத்து அதை இழுத்துவிட்டாள். கொதித்துக்கொண்டிருந்த பிரியாணியில் முழு வாளியும் இறங்கியது. அப்பா கைதட்டினார். வாளி வேலை செய்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கஞ்சி மாதிரி ஒன்றைக் குடித்தோம்.

மாடியில் என் அறை. அந்த ஜன்னலிலிருந்து தெருவுக்கு ஒரு சறுக்கு இருந்தது. காலண்டர் அச்சடித்துக் கழித்துப்போட்ட அலுமினியத் தகடுகளை பிரஸ்ஸிலிருந்து வாங்கி வந்து ஒட்டி அப்பாவே செய்தது. யாரோ ஒரு நகைக்கடைக்காரரின் பழைய வருஷம் முழுக்க அதில் இடம் வலமாகப் புரண்டு தெரியும். விசில் அடித்ததும் நான் அதில் சறுக்கி இறங்க வேண்டும். மே மாதத்தில் அந்தத் தகடு தோசைக்கல். தொடை சிவந்து எரிய எரிய இறங்குவேன். தெருப் பிள்ளைகளுக்கு என் மேல் பொறாமை. வீட்டுக்குள்ளேயே சறுக்கு வைத்திருக்கிறாளே என்று. நான் அவர்களை ஒரு தடவை ஏற்றிவிட்டேன், அதோடு பொறாமை போய்விட்டது.

விசில்தான் இதில் மோசம். எப்போது அடிப்பார் என்று தெரியாது. அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவில் மின்கம்பத்தடிக்கு வந்து நிற்க வேண்டும். அப்பா கையில் கடிகாரத்தோடு நிற்பார். சோற்றுக் கையோடு நின்றிருக்கிறோம், காய்ச்சலோடு நின்றிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது விசில் அடித்தார்.

அம்மா உள்ளே போயிருப்பது தெரியாமல் அடித்துவிட்டாரென்று நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் அடித்தார். குளிக்கும்போது தீ பிடிக்காதா என்பது அவர் வாதம். அம்மா வரவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை அவர் விடாமல் ஊதவும் எதிர்வீட்டுக்காரர்கள், பக்கத்துச் சந்துக்காரர்கள் எல்லோரும் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார்கள். அப்போது அம்மா வந்தாள். நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிய ஈரப் பாவாடை, தோளில் துண்டு, தலை நிறைய சீயக்காய். கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவித் தடவி வந்தாள். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தெருவில் நின்றவர்களில் பாதிப்பேர் வீட்டுப் பிள்ளைகள் அவளிடம் படித்தவர்கள்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னும் சீக்கிரம் வரலாம் டீச்சர்" என்றார்.

திங்கட்கிழமை அம்மா வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை விசில் அடித்தது. வகுப்பே சிரித்தது. அம்மா யாரென்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் மீதி வரியையும் எழுதி முடித்தாளாம். இதை என்னிடம் சொன்னது அதே வகுப்பில் படித்த என் சிநேகிதி. வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது போல ஊரே கொஞ்ச நாள் அதை மென்றது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள். அவள் அதுவரை எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"குளிக்கிற ரூமுக்கு ஒரு தாப்பா போட்டுக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"தாப்பா போட்டது கதவு இல்ல டீச்சர். சவப்பெட்டி மூடி."

"அப்படின்னா மூடியே போடுங்க."

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மானம் பெருசா, உசுரு பெருசா?" என்றார். அம்மா எழுந்து போய்ப் பேப்பர் திருத்த உட்கார்ந்தாள்.

ஆனால் அப்பா அதை மறக்கவில்லை. அதுதான் அவரிடம் பயங்கரம். கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் அன்றோடு விட்டிருப்பார். அவர் யோசித்தார். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் வரைந்து வரைந்து பார்த்தார். ஆசாரியைக் கூப்பிட்டு வந்து இரண்டு நாள் தட்டினார். அவர்கள் கல்யாண நாள் அன்று காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைக் காட்டினார்.

கதவின் வெளிவிளிம்பில் ஒரு கயிறு. அது சுவரில் பதித்த கப்பி மேல் ஏறி, ஒரு மணல் மூட்டையில் முடிந்தது. மூட்டையின் கனம் கதவை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும். கதவின் உள்பக்கத்தில் ஒரு கயிற்று வளையம். உள்ளே போகிறவர் அதைப் பிடித்து இழுத்தால் மூட்டை மேலே ஏறும், கதவு சாத்திக்கொள்ளும். பிடித்திருக்கும் வரை சாத்தியிருக்கும். விட்டால் திறந்துவிடும்.

"யாராச்சும் மயங்கி விளுந்தா என்னாகும்? கை தளரும். கை தளந்தா கதவு தானா தொறந்துக்கிரும்" என்றார் அப்பா. "மானமும் ஆச்சு, உசுரும் ஆச்சு. ஒனக்காகத்தான் யோசிச்சேன்."

அவர் முகம் மலர்ந்திருந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் எரிகிறது. அவர் எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் உயிர் மேல்தான் வைத்திருந்தார். எங்கள் மேல் வைக்கவில்லை.

அதிலிருந்து நாங்கள் ஒற்றைக் கையால் குளித்தோம். இடது கையில் கயிறு, வலது கையில் செம்பு. சோப்பைக் கால் விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளலாம். முதுகு தேய்க்க முடியாது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் கை தன்னை அறியாமல் தளரும், கதவு கூடம் வரைக்கும் பளீரென்று திறக்கும். அம்மா ஒரு நாள் வளையத்தைக் குழாயில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் குளித்தாள். அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. பிளம்பரைக் கூட்டி வந்து குழாயை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். அப்புறம் அவள் வளையத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து குளிக்கப் பழகினாள். அந்த விரலில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். அதிசய வீடு என்று எழுதினார்கள். சறுக்கில் என்னை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அம்மாவைக் குளியலறை வாசலில் நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரித்தாள். வந்தவர் அவளிடம் கேட்டார், "சிரமமா இல்லையாம்மா?"

"பளகிருச்சு" என்றாள்.

அப்பா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் சொல்லித்தான் பல ஆபீஸ்களில் அறைக் கதவுகளிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். அதில் எத்தனை பேர் பிழைத்தார்களோ, எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பார்கள். அவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்திருப்பார்கள்.

நான் நர்சிங் படிக்க மதுரை விடுதிக்குப் போனேன். முதல் நாள் குளியலறையில் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். வெளியே நின்ற பெண் கதவைத் தட்டி, "உள்ளே குளிக்கிறியா, கதவு ரிப்பேர் பண்றியா?" என்று கேட்டாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் குளிக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன், என் இடது கை எதுவுமில்லாத காற்றைப் பிடித்து இறுக்க மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விரித்துவிட வேண்டியிருந்தது. அன்றைக்கு அம்மாவை நினைத்து அழுதேன். ஊருக்குப் போனபோது அவளிடம் இதைச் சொல்லவில்லை. கேட்டால் அவளுக்கு ஆசை வந்துவிடும் என்று பயம்.

படிப்பு முடிந்து, கல்யாணமாகி, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசிக்கு பஸ் ஏறி வருவேன். அப்பா ஓய்வு பெற்றார், அம்மாவும் ஓய்வு பெற்றாள். மணல் மூட்டையை மட்டும் இரண்டு தடவை மாற்றினார்கள்.

பிறகு அப்பாவுக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, ஆனால் புரியும். கட்டிலைக் கூடத்தில் போடச் சொன்னார். எங்கே போடுவது என்று அவரே இடது கையால் காட்டினார். போட்ட பிறகு பார்த்தால் குளியலறைக் கதவு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஆசாரி வந்து போயிருந்தார். கதவின் வெளிப்பக்கம் ஒரு புதுக் கயிறு முளைத்திருந்தது. சுவர் நெடுகக் கொக்கிகளில் ஓடி வந்து அப்பாவின் கட்டில் சட்டத்தில் ஒரு மரப்பிடியில் முடிந்தது. நைலான் கயிறு. படுத்துக்கொண்டே இடது கையால் இழுத்தால், உள்ளே எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் கதவு திறந்துகொள்ளும்.

"எதுக்குப்பா இது?"

"டீச்சருக்கு வயசாயிருச்சு. உள்ள விளுந்து கெடந்தா நான் எந்திரிச்சுப் போயா பாக்க முடியும்?"

காரணம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் இழுத்தது அம்மா விழுந்தபோது அல்ல. தண்ணீர் தவித்தபோது இழுத்தார். டிவி ரிமோட் கீழே விழுந்தபோது இழுத்தார். ஒரு ஞாயிறு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழுத்தார். கதவு திறந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், அறுபதைத் தாண்டிய என் அம்மா, நனைந்த உடம்போடு, முழு வெளிச்சத்தில். கையால் மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சத்தத்தக் காணும், அதான் பாத்தேன்."

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நான் டூட்டியில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"வரும்போது ஒரு தாப்பா வாங்கிட்டு வா" என்றாள். "பித்தளையில வாங்கு. திருகாணியும் பித்தளையா இருக்கட்டும்."

வெடி ஆபீஸ்களில் மருந்துப் பக்கம் இரும்பை அண்டவிட மாட்டார்கள், உரசினால் பொறி பறக்கும் என்று. அந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் இருந்தது. வீட்டுக்காரரை எதிர்க்கிற நேரத்திலும் அவர் சட்டத்தை மீறாமல் எதிர்த்தவள் என் அம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விருதுநகர் கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே தடியானதாக ஒன்றை வாங்கினேன்.

அம்மாவே பூட்டினாள். ஸ்டூல் மேல் உட்கார்ந்து பென்சிலால் குறித்து, கைத் துரப்பணத்தால் துளை போட்டாள். கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"என்ன சத்தம்?"

"தாப்பா போடுறேன்."

அவர் கத்தினார். குழறிய வாயில் பாதி வார்த்தை வரவில்லை. எச்சில் வழிந்தது. மானம், உசுரு என்ற இரண்டு மட்டும் தெளிவாகக் கேட்டன. அம்மா கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். பிறகு மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழவழப்பான சத்தத்தோடு தாழ்ப்பாள் விழுந்தது.

நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கட்டிலும் தெரியும், கதவும் தெரியும். அப்பா பிடியை இழுத்தார். கயிறு விறைத்தது. கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. செம்பு செம்பாக, அவசரமில்லாமல்.

"தொற" என்றார் என்னைப் பார்த்து.

"உள்ள தாப்பா போட்டிருக்குப்பா. நான் எப்படித் தொறக்க?"

"விளுந்திருவா."

"தண்ணி ஊத்துற சத்தம் கேக்குதுல்ல. விளுந்தவ ஊத்துவாளா?"

அவர் காதில் விழவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அது ரிமோட் கேட்கிற முகம் இல்லை. எம். புதுப்பட்டியில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது இருந்த முகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இழுக்கட்டும் என்று இருந்தது. அவர் பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, உடம்பின் பாதியை வைத்துக்கொண்டு மொத்தமாக இழுத்தார். கதவு வரவில்லை, அவர்தான் வந்தார். கட்டில் விளிம்பில் சரிந்து, நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் தரையில் கிடந்தார்.

இடுப்பைத் தொட்டதும் எலும்பு முறிந்திருப்பது தெரிந்துவிட்டது. தூக்கக் கூடாது. தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"அம்மா, அப்பா விளுந்துட்டாக!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கேட்டுச்சு" என்றாள் அம்மா. "சோப்பு போட்டிருக்கேன்."

மறுபடி தண்ணீர் விழுந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அப்பா வலியில் முனகினார், ஆனால் கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. அம்மா தலையை அலசினாள், துவட்டினாள், உள்ளேயே நின்று சேலை கட்டினாள். அந்த வீட்டில் அவள் குளித்த அறையிலேயே உடுத்தி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து, தலையில் துண்டைச் சுற்றியபடி அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"விளுந்துட்டீகளா?" என்றாள் மெதுவாக. "கை தளந்தா கதவு தொறந்துக்கிரும்னு சொன்னீகல்ல. தொறக்கலையோ?"

அதற்குப் பிறகும் அம்மாதான் அவருக்கு எல்லாம் செய்தாள். ஊட்டினாள், துடைத்தாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நாளுக்கு இரண்டு தடவை குளித்தாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். அவர் கயிற்றைத் தொடவில்லை.

மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், "நல்ல அகலம், நல்லா வெளிய பாத்துத் தொறக்கு, எங்கயும் இடிக்கல" என்று வீட்டைப் புகழ்ந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மூடியைச் சாத்தியதும் அம்மா பெட்டிக்காரரிடம் கேட்டாள்.

"பித்தளை ஆணிதான?"

அவர் குழம்பிப்போய் ஆமாம் என்றார். அது பொய், இரும்பு என்று எனக்கே தெரிந்தது. அம்மா கேட்டது பரிவிலா பழியிலா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

இப்போது அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். என்னோடு வர மாட்டேன் என்கிறாள். மணல் மூட்டையை அறுத்து மணலைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். மாடியில் சறுக்கைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். அப்பாவின் நைலான் கயிறு மட்டும் கதவிலேயே இருக்கிறது, மிச்சத்தைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டேன்.

"கெடந்துட்டுப் போகட்டும். இளுக்க ஆளில்லாத கயிறு என்ன செய்யும்?"

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் குளியலறையில் விழுந்த கிழவிகளைக் கொண்டுவருவார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைக்கவே அரை நாள் ஆனது என்பார்கள் கூட வந்தவர்கள். சிலரைத் தூக்கி வரும்போதே எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் ஞாபகம் வரும். இருப்பதிலேயே தடியானது. அதிலும் எங்கள் கதவு வெளியே திறக்கிற கதவு, தோளால் முட்டி உடைக்கவும் முடியாது.

போன மாதம் ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினேன். உள்ளங்கை அளவு, வெள்ளை நிறம். குளியலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் ஆள் விழுந்ததும் தானே தெரிந்துகொண்டு என் செல்லுக்குச் செய்தி அனுப்பும். கேமரா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குக் கயிறு எங்கன இருக்கு?"

"கயிறெல்லாம் இல்லம்மா. காத்துலயே வேலை செய்யும்."

"நான் குளிக்கையில ஒனக்குத் தெரியுமா?"

"சீச்சீ. நீ விளுந்தாத்தான் தெரியும்."

"விளலங்குறது அதுக்கு எப்படித் தெரியும்? எந்நேரமும் பாத்துக்கிட்டே இருந்தாத்தான தெரியும்?"

ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன் நல்லதுக்குத்தான சொல்றேன்! உள்ள விளுந்து செத்துக் கெடந்தா யாரு பாப்பா? இல்லைன்னா அந்தத் தாப்பாவையாச்சும் போடாத. வீட்டுல தனியாத்தான இருக்க, யாருகிட்ட மறைக்க? ஒனக்கு மானம் பெருசா..." என்று தொடங்கிவிட்டேன். மிச்சத்தை விழுங்கினேன். விழுங்கி என்ன, வெளியே வந்ததே போதுமாக இருந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். கூடத்தில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தைக் காட்டினாள்.

"அங்கன ஒட்டு. இந்த வீட்டுல விளுந்தவக அங்கனதான் விளுந்திருக்காக."

மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

சேலை கட்டுகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. "அம்மா" என்றேன். பதில் இல்லை. கதவருகே போய்க் காதை வைத்தேன். ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. "அம்மா, சொல்லும்மா" என்று தட்டினேன். வார்டில் பார்த்த கிழவிகளெல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் கொக்கியிலிருந்து கயிற்றை உருவி, மணிக்கட்டில் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் நிதானமாகக் கேட்டது.

"யாரு, ஒங்கப்பாவா?"